சுகாதார ஆய்வுக்கு வீடு வீடாகப் போகிற வேலை: மார்த்தாண்டத்திலிருந்து கேட்டவருக்கு

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான். பிஎஸ்சி முடித்துவிட்டு மார்த்தாண்டம் பக்கம் வீட்டில் இருக்கிறீர்கள், சுகர், பிரஷர் பற்றிய ஓர் ஆய்வுக்குக் களப்பணியாளராகக் கூப்பிட்டிருக்கிறார்கள், ஆறு மாத ஒப்பந்தம், "வீடு வீடாப் போய் ஃபாரம் நிரப்புற வேலைதானே, யாரும் செய்யலாமே" என்று சித்தப்பா சொல்கிறார், போகலாமா வேண்டாமா. இதற்குள்ளே இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது: வாசலில் வந்து நிற்கிற முன்பின் தெரியாத ஆளிடம் மக்கள் உண்மையைச் சொல்வார்களா, அதைக் கேட்டு வாங்கத் தனித் திறமை ஏதும் வேண்டுமா? அதற்குப் பதில் சொன்னால் சித்தப்பாவுக்கும் பதில் ஆகிவிடும். நான் இந்தக் குமரி மாவட்டத்தில் கேள்வி கேட்கிறவளாகச் சேர்ந்து, பிறகு மேற்பார்வைக்கு வந்து, இப்போது புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். எல்லாமே வீட்டுக்கு வீடு போகிற ஆய்வுகள். மருந்துச் சோதனை, ஆஸ்பத்திரிக்குள் நடக்கிற ஆய்வு இதிலெல்லாம் எனக்கு அனுபவம் கிடையாது, நான் சொல்வதை அங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

முதலில் ஒன்று. யாரிடம் கேட்பது என்பது உங்கள் கையில் இல்லை. ஓர் ஊரையோ வார்டையோ குலுக்கல் முறையில் எடுத்து, அங்குள்ள எல்லா வீட்டுக்கும் வரைபடம் போட்டு எண் கொடுத்துப் பட்டியல் எடுத்து, அதிலிருந்து சீரான இடைவெளி விட்டுச் சில வீடுகளைத் தேர்ந்தெடுப்பார்கள். 2019-21இல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வில் ஒரு பகுதிக்கு 22 வீடு என்பது கணக்கு, அப்படிச் சேர்த்துச் சேர்த்துத்தான் நாடு முழுக்க 6,36,699 குடும்பங்கள் என்று அறிக்கையில் வந்தது. உங்களுடையது சுகர், பிரஷர் என்பதால் உலக சுகாதார நிறுவனத்தின் ஸ்டெப்ஸ் முறையைத் தழுவியதாக இருக்க வாய்ப்பு அதிகம். முதலில் கேள்விகள், அப்புறம் உயரம், எடை, இடுப்பளவு, ரத்த அழுத்தம், கடைசியில் ரத்தப் பரிசோதனை என்று மூன்று படி. இதில் ஒரு வீட்டில் ஒருவரைத்தான் எடுப்பார்கள், அந்த ஒருவர் யார் என்பதையும் டேப்லெட்தான் குலுக்கிச் சொல்லும். நீங்கள் போகிற நேரம் மருமகள் வீட்டில் இருப்பார், நன்றாகப் பேசுவார், சாயாவும் போட்டுத் தருவார், ஆனால் டேப்லெட் கடலுக்குப் போயிருக்கிற மகன் பெயரைக் காட்டும். ஆள்தான் இருக்கிறாரே என்று மருமகளை எழுதிவிட்டுப் போக முடியாது, பக்கத்து வீட்டை மாற்றாக எடுக்கவும் முடியாது. இதில் பேரமே இல்லை.

பட்டியல் எடுப்பதே நம் மாவட்டத்தில் பெரிய பாடு. கையேட்டில் தெருவை வரைந்து வலது பக்கம், இடது பக்கம் என்று அம்புக்குறி போட்டிருப்பார்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் அது ஓரளவு ஒத்துவரும். உங்கள் விளவங்கோடு பக்கம் பல இடங்களில் தெருவே கிடையாது, விளைக்கு ஒரு வீடு, ரப்பர் மரத்துக்கு நடுவே மேட்டில் ஒன்று, ஓடை தாண்டி ஒன்று. ஒற்றையடிப் பாதை முடிந்துவிட்டது, வீடும் முடிந்துவிட்டது என்று திரும்பினால் அதற்குப் பின்னால் இரண்டு வீடு இருக்கும். பட்டியலில் அவை விடுபட்டால் அங்கே இருக்கிறவர்கள் ஆய்வுக்குள் வரவே வழியில்லை. கடற்கரையில் நேர் எதிர், சுவரோடு சுவர் ஒட்டின வீடுகள், ஒரே கதவுக்குள் இரண்டு அடுப்பு. தனியாகச் சமைத்துச் சாப்பிட்டால் தனிக் குடும்பம் என்பதுதான் பொதுவான விதி, அண்ணன் தம்பி ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும் சரி.

பூட்டின வீட்டுக்கு வருவோம், ஏனென்றால் இந்த வேலை தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. மூன்று தடவையாவது போய்ப் பார்த்த பிறகுதான் 'ஆள் இல்லை' என்று எழுதலாம் என்று பெரும்பாலான ஆய்வுகளில் விதி வைத்திருப்பார்கள். புதியவர்கள் மூன்று நாளும் காலை பத்து மணிக்கே போய்ப் பார்த்துவிட்டு முடித்துவிடுவார்கள். இன்று பத்து மணிக்கு இல்லாதவர் நாளைப் பத்து மணிக்கும் இருக்க மாட்டார். முந்திரி ஆலைக்குப் போகிற பெண்ணைச் சாயங்காலம்தான் பிடிக்க முடியும். ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர் விடியுமுன் கிளம்பி, பாலைச் சேர்த்து உறைக்கு ஊற்றிவிட்டு மதியத்துக்கு மேல்தான் உட்காருவார். மழை பெய்தால் வெட்டு இல்லை, அன்றைக்குக் குடையோடு கிளம்பினால் நாலு பேரைப் பார்த்துவிடலாம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மாதிரி ஊர்களில் ஆழ்கடலுக்குப் போகிறவர் போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார், அங்கே தடைக்காலம் பார்த்துத்தான் போக வேண்டும். மேற்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கில் வருவதால் அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம் என்பது வெளியூரில் உட்கார்ந்து அட்டவணை போடுகிறவர்களுக்குச் சட்டென்று தோன்றாது, நீங்கள் எடுத்துச் சொல்லலாம். பேச்சிப்பாறை அணைக்கு அப்பால் உள்ள காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகள் வேறு கதை: வனத்துறை அனுமதி, படகு, நெட்வொர்க் இல்லாத டேப்லெட்.

இவ்வளவு அலைச்சல் எதற்கு? வீட்டில் கிடைக்கிறவரின் உடம்பும் கிடைக்காதவரின் உடம்பும் ஒன்றல்ல. படகில் வாரக்கணக்காக இருப்பவர் என்ன சாப்பிடுகிறார், எப்போது தூங்குகிறார், பிரஷர் மாத்திரை தீர்ந்தால் என்ன செய்கிறார் என்பதெல்லாம் கரையில் இருக்கிறவருக்கு நடப்பது மாதிரி நடக்காது. கிடைத்தவர்களை மட்டும் எழுதிக்கொண்டு வந்தால் ஓய்வு பெற்றவர்கள், வீட்டோடு இருக்கிற பெண்கள் இவர்களுடைய ஆரோக்கியத்தையே குமரி மாவட்டத்தின் ஆரோக்கியம் என்று அறிக்கையில் போட்டுவிடுவார்கள்.

சரி, ஆள் கிடைத்துவிட்டார். முதல் கேள்வியை நீங்கள் கேட்க மாட்டீர்கள், அவர்கள்தான் கேட்பார்கள்: "மக்களே, நீ யாருக்க பிள்ளை? எந்த ஊரு?" சாதி, சர்ச், கோயில் எல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் அடக்கம். ஊர்ப் பெயரை மழுப்பாமல் சொல்லுங்கள், அடையாள அட்டையைக் காட்டுங்கள், அதோடு அந்தப் பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்தது "கவர்மெண்டா?" 2021இல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதிலிருந்து வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிற ஆள் என்று நினைத்து டப்பாவோடு வந்து உட்காருவார்கள். மாத்திரை தருகிற வேலை என்னுடையது இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், பாதியில் சொன்னால் ஏமாற்றியது போல ஆகிவிடும். ஃபிரிட்ஜ் இருக்கிறதா, பைக் இருக்கிறதா, நிலம் எவ்வளவு என்ற கேள்விகள் வந்ததும் முகம் மாறும். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை வந்த பிறகு அந்த 1,000 ரூபாய் நின்றுவிடுமோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது. உள்ளே ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் கேட்கும், "இல்ல பிள்ளே" என்பார்கள். வாதாடாதீர்கள். ரேஷன் கார்டுக்கோ உதவித்தொகைக்கோ இந்தத் தகவல் போகாது என்பதை ஒப்புதல் படிவம் வாசிக்கும்போதே நிதானமாகச் சொன்னால் பயம் பெருமளவு குறையும்.

ஒப்புதல் படிவத்தைக் கையெழுத்து வாங்குகிற சடங்காக நினைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் இதில் தெளிவாக இருக்கின்றன. எதற்காக ஆய்வு, என்ன கேட்போம், ரத்தம் எடுப்போமா, வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், பாதியிலும் நிறுத்தலாம், இதனால் உங்களுக்குக் கிடைக்கிற சிகிச்சை பாதிக்காது என்பதெல்லாம் அவர்களுக்குப் புரிகிற மொழியில் சொல்லியாக வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் கைநாட்டு, கூடவே ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி. கடற்கரை ஊர்களில் முதலில் பங்குத்தந்தையையும் ஊர்க் கமிட்டியையும் பார்த்துப் பேசிவிட்டுத்தான் போவோம், அன்பியம் என்கிற பங்கின் சிறு குழுவுக்குப் பொறுப்பாளர் வீடு காட்டிக் கொடுப்பார். அது நல்லது, ஆனால் அவரை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போங்கள். ஊர்ப் பெரிய மனுஷர் பக்கத்தில் நின்றால் வேண்டாம் என்று சொல்ல நினைக்கிறவர்கூடச் சரி என்றுதான் சொல்வார், அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இன்னொரு விஷயம், 2004 சுனாமிக்குப் பிறகும் 2017 ஓகி புயலுக்குப் பிறகும் பட்டியல் எழுத வந்தவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்த ஊர்கள் அவை. "எத்தன பேரு எழுதிட்டுப் போனாவ, ஒண்ணும் வரல்ல" என்று ஒரு அம்மா முகத்துக்கு நேரே சொல்வார். நியாயமான பேச்சுதான். வரும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

கேள்வியை எழுதியிருக்கிறபடியே வாசிக்க வேண்டும் என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள், எல்லாருக்கும் எரிச்சலாக இருக்கும். ஆனால் நம் ஊர் மரியாதைதான் இங்கே எதிரி. ஒரு பெரியவரைப் பார்த்துப் "புகை பிடிப்பீர்களா" என்று கேட்கக் கூச்சப்பட்டு, "தாத்தா நீங்க பீடி சிகரெட் எல்லாம் தொடமாட்டீங்க இல்லியா?" என்று கேட்டால் அவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார், பதிலை நீங்களே சொல்லிக்கொடுத்துவிட்டீர்கள். புகையிலை உண்டா என்றால் "இல்லவே இல்ல" என்கிற பாட்டியின் வாய் சிவந்திருக்கும். அவர் பொய் சொல்லவில்லை, வெற்றிலையோடு சேர்க்கிற துண்டுப் புகையிலையை அவர் அந்தக் கணக்கில் வைக்கவில்லை. வெற்றிலைக்கு என்று தனிக் கேள்வி இருந்தால் அதை முழுசாக வாசியுங்கள், 'முன்னாடியே இல்லைன்னு சொன்னாங்களே' என்று தாண்டாதீர்கள்.

காய்கறி, பழக் கேள்வி நம் மாவட்டத்தில் ஒரு வேடிக்கை. ஸ்டெப்ஸ் முறையில் மாவுக் கிழங்குகள் காய்கறியில் சேராது, அதனால் மதியம் முழுக்க மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டவர் காய்கறி சாப்பிடாதவர்தான். பழத்துக்கு நடுத்தர அளவு வாழைப்பழம் ஒன்று ஒரு பங்கு என்று அட்டையில் படம் இருக்கும். செவ்வாழை சரி, மட்டிப்பழம் எத்தனை சேர்ந்தால் ஒன்று? இதைப் பயிற்சியிலேயே கேட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு மாதிரி முடிவு செய்தால் அந்தக் கேள்வியே வீண்.

காலக் கணக்கும் அப்படித்தான். சுகர் இருப்பது எந்த வருஷம் தெரியவந்தது என்றால் யாருக்கும் வருஷம் ஞாபகம் இருக்காது. "ஓகிக்கு முந்தியா பிந்தியா?", "மூத்த மகள் கல்யாணத்துக்கு முன்னாலா?", "அந்த வருஷம் மண்டைக்காட்டுக் கொடைக்கு முன்னாலயா, கோட்டார் சவேரியார் திருவிழா சமயமா?" என்று கொக்கி போட்டுக் கொண்டுவர வேண்டும். உள்ளூர் நிகழ்ச்சிகளை வருஷம், மாதத்தோடு எழுதின தாள் ஒன்று ஆய்வுக்குழுவே தரும். தராவிட்டால் நீங்களே கேட்டு வாங்குங்கள்.

ரத்த அழுத்தம் பார்ப்பது பட்டனை அமுக்குகிற வேலை என்று நினைப்பார்கள். அரை மணி நேரத்துக்குள் சாயா, பீடி கூடாது, சிறுநீர் கழித்துவிட்டு வந்து உட்கார வேண்டும், முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால் மேல் கால் கூடாது, பாதம் தரையில் பட வேண்டும், கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும், ஐந்து நிமிஷம் பேச்சில்லாமல் இருக்க வேண்டும். அப்புறம் இடைவெளி விட்டு மூன்று தடவை. ஸ்டெப்ஸ் முறையில் முதல் அளவை விட்டுவிட்டுப் பின் இரண்டின் சராசரியைத்தான் எடுப்பார்கள். நடப்பு என்ன? பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்காருவார், சாய இடம் இருக்காது, பக்கத்து வீட்டுக்காரி வந்து "எவ்வளவு இருக்கு, எனக்கும் பாரு" என்பார். சுவரோரமாக ஸ்டூலை இழுத்துப் போட்டு, கைக்கு அடியில் தலையணை வைத்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் "இது முடிஞ்ச பிறகு பேசலாம் அக்கா" என்று சிரித்துக்கொண்டே சொல்லி நிறுத்துகிற சாமர்த்தியம் வேண்டும். அளவை அட்டையில் எழுதிக் கொடுங்கள். மேல் அளவு 180ஐயோ கீழ் அளவு 110ஐயோ தொட்டால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிக்கோ போகச் சொல்லுங்கள். உங்கள் ஆய்வில் வேறு வரம்பு வைத்திருந்தால் அதன்படி. அதற்கு மேல் டாக்டராகக் கூடாது, எந்த மாத்திரை நல்லது என்று வாயைத் திறக்கக் கூடாது.

மணவாளக்குறிச்சி பக்கம் போனால் நிச்சயம் இதைக் கேட்பார்கள்: "இந்த மண்ணுலதான் கேன்சர் வருதாம், உண்மையா?" அங்கே தாது மணலில் இயற்கையாகவே கதிர்வீச்சு அதிகம் என்பது உறுதியான விஷயம். கேரளத்தில் இதே மாதிரி மணல் உள்ள கருநாகப்பள்ளிக் கடற்கரையில் மக்களைப் பல வருஷம் பின்தொடர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. அதை அப்படியே தூக்கி இந்தக் கரைக்கு வைத்து 'பயமில்லை' என்று சொல்வதும் சரியில்லை, 'ஆமாம்' என்பதும் சரியில்லை. களத்தில் நான் இரண்டையும் சொல்ல மாட்டேன், "டாக்டர்கிட்ட எழுதிக் கொடுக்கிறேன் அம்மா" என்று குறித்துக்கொண்டு வந்து மேலே கொடுப்பேன். விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால் அதற்குப் பிறகு அவர் சொல்கிற ஒவ்வொரு நோய்ப் பதிலிலும் அந்தப் பேச்சின் நிழல் விழும்.

தனிமை வேண்டிய கேள்விகள் உண்டு. மனச்சோர்வுக்கான பிஎச்கியூ-9 படிவத்தில் ஒன்பதாவது கேள்வி, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்ததா என்பது. மாமியார் கதவோரம் நிற்கும்போது அதை வாசிப்பதும் வாசிக்காமல் விடுவதும் ஒன்றுதான். வீட்டு வன்முறை பற்றிய கேள்விகளுக்குத் தேசிய குடும்ப நல ஆய்வின் விதி கறார்: வீட்டுக்கு ஒரே ஒரு பெண்ணிடம், யாரும் காதில் வாங்காத இடத்தில், அது கிடைக்காவிட்டால் அந்தப் பகுதியையே விட்டுவிட வேண்டும். பதில் 'ஆமாம்' என்று வந்தால் அவசரப்பட்டு அடுத்த கேள்விக்கு ஓடாதீர்கள், யாரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது ஆய்வுத் திட்டத்திலேயே இருக்கும், இருக்க வேண்டும். மருத்துவ ஆலோசனைக்கு 104, பெண்களுக்கு 181, மனநலத்துக்கு 14416, இந்த மூன்று எண்ணும் எப்போதும் கையில் இருக்கட்டும். சில நாள் வீட்டுக்கு வந்த பிறகும் கேட்டது மனசை விட்டுப் போகாது. அதைப் பெயர், ஊர் சொல்லாமல் மேற்பார்வையாளரிடம் பேசலாம், வீட்டில் பேசக் கூடாது.

உட்கார்ந்த இடத்தில் ஃபாரம் நிரப்புகிறவர்கள் இருக்கிறார்களா என்றால், உண்டு. பிடிபடுவார்களா என்றால், பெரும்பாலும். டேப்லெட்டில் நேரமும் இடமும் பதிவாகிறது, சில ஆய்வுகளில் குரலும். முக்கால் மணி நேரம் ஆகிற பேட்டி பன்னிரண்டு நிமிஷத்தில் முடிந்தால் மறுநாள் நான் அந்த வீட்டு வாசலில் நிற்பேன். கையால் எழுதுகிற அளவுகளில் ரத்த அழுத்தம் எல்லாம் 120, 130, 140 என்று பூஜ்ஜியத்தில் முடிந்தாலே கண்ணை உறுத்தும். இன்னும் நைசான வேலை ஒன்று உண்டு. தேசிய குடும்ப நல ஆய்வில் பெண்களுக்கான நீண்ட கேள்வித்தாள் 15 முதல் 49 வயது வரைதான், அதனால் 48 வயசுக்காரரை 50 ஆக்கிவிட்டால் பேட்டியே மிச்சம். ஐந்து வயதுக்குள் குழந்தை இருந்தால் கேள்விகள் கூடும் என்பதால் நாலரை வயதுக் குழந்தை ஆறு வயது ஆகிவிடும். ஒருவருடைய தாள்களில் மட்டும் 50 வயசுக்காரிகள் குவிந்திருந்தால் அது தற்செயல் இல்லை.

இனி உறுதியில்லாத பகுதி. உள்ளூர் ஆளிடம் மக்கள் அதிகம் சொல்வார்களா, வெளியூர் ஆளிடமா என்பதில் ஒரே முடிவு கிடையாது. கதவு திறக்க உள்ளூர் ஆள் நல்லது. ஆனால் குடி, கடன், கருக்கலைப்பு இவற்றைப் பக்கத்து ஊர்ப் பெண்ணிடம் சொல்வதைவிட இனிமேல் பார்க்கவே போகாத ஆளிடம் சொல்வது சுலபம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் சொந்த ஊரை மட்டும் வேறு ஒருவருக்குக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். குடியைப் பற்றிய பதிலை நானும் முழுசாக நம்புவதில்லை. ஆய்வுகளில் வருகிற கணக்கு விற்பனைக் கணக்கைவிடக் குறைவாக இருப்பது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். வருமானமும் அப்படியே. உயரம், எடை, ரத்தப் பரிசோதனை இவற்றைச் சரியாக எடுத்தால் நம்பலாம்.

வேலை என்று பார்த்தால், ஏதாவது ஒரு டிகிரி போதும் என்று எடுப்பவர்கள் நிறைய, நர்சிங், சமூகப்பணி படித்தவர்களுக்கு முன்னுரிமை இருக்கும். மலையாளம் புரிந்தால் உங்கள் தாலுகாவில் அது பெரிய பலம். ஸ்கூட்டி ஓட்டத் தெரிந்தால் பாதிக் கஷ்டம் குறையும். பெண் என்பதால் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் சாயங்கால வீடுகளுக்குத் துணையோடு அனுப்புவார்களா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். ஒப்பந்தம் முடிந்தால் வேலையும் முடிந்தது, அடுத்த திட்டம் எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டும், இதை யாரும் மூடி மறைக்க முடியாது. ஆனால் இந்தத் துறையிலேயே நிற்க நினைத்தால் வழி உண்டு. சென்னையில் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது, பக்கத்திலேயே திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் அச்சுதமேனன் மையத்தில் பொதுச் சுகாதார முதுகலை இருக்கிறது, அங்கெல்லாம் களத்தில் அலைந்த அனுபவத்துக்கு மதிப்புண்டு.

சேருமுன் நெறிமுறைக் குழு அனுமதி உள்ளதா, பெட்ரோல் காசு தனியா, விபத்துக் காப்பீடு உண்டா என்று கேளுங்கள். வேலைக்கு முன்பணம், டேப்லெட்டுக்கு டெபாசிட் என்று உங்களிடம் காசு கேட்டால் அது ஆய்வே இல்லை, போனை வைத்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மாதச் சம்பளமா, முடித்த ஃபாரத்துக்கு இவ்வளவா என்று கேளுங்கள். ஃபாரத்துக்கு இவ்வளவு என்றால் பூட்டின வீட்டுக்கு மூன்றாவது தடவை போகிற பெட்ரோலும் நேரமும் உங்கள் கையிலிருந்து போகும், நான் என்றால் அந்த இடத்துக்குப் போக மாட்டேன். மாதச் சம்பளம் என்றால் போய்ச் சேருங்கள்.